இடைவேளையில் சாப்பிடும் பிணம்

எங்க நாடகக் குழுவுல ஒரு வழக்கம் உண்டு. இடைவேளைக்கு முன்னாடி செத்துப் போறவங்களுக்குத்தான் முதல்ல சாப்பாடு. உயிரோட இருக்கிறவங்க ரெண்டாம் பாதியில வசனம் பேசணும், சண்டை போடணும், அழணும். அவங்க நாடகம் முடிஞ்ச பிறகுதான் தட்டைத் தொடலாம். செத்தவனுக்கு என்ன வேலை, போய்ச் சாப்பிடுய்யான்னு விட்டுடுவாங்க. யாரு எப்போ ஆரம்பிச்ச சட்டமோ தெரியாது. மத்த எல்லாச் சட்டத்தையும் காத்துல விடற எங்க ஆளுங்க, இதை மட்டும் ஒரு நாளும் மீறினது கிடையாது.

இந்த நாடகத்துல செத்துப் போறவர் என் வீட்டுக்காரர். ஆலை முதலாளி வேஷம். முதல் பாதி முழுக்கக் கத்துவார், மிரட்டுவார், சொத்துல சல்லிக்காசு யாருக்கும் கிடையாதுன்னு நீளமா ஒரு பேச்சுப் பேசுவார். அப்புறம் மருமகன் கொடுக்கிற விஷத்தைக் குடிச்சிட்டுப் பொத்துன்னு விழுவார். திரை விழும். ரெண்டாம் பாதியில நடுக்கூடத்துல ஒரு நீள மேஜை மேல அவரைக் கிடத்தி வெச்சு, சுத்தி நின்னுக்கிட்டு குடும்பமே அடிச்சுக்கும். அவரோட பொண்டாட்டி நான்தான். வீட்டுலயும் நான், மேடையிலயும் நான். மனுஷனுக்கு எங்க போனாலும் விடிவு இல்ல.

இவர் இந்த வேஷத்துக்கு வந்து சேர்ந்த கதை பெரிய கதை. அதுக்கு முன்னாடி எல்லாம் வாசல் காவல்காரன், சிப்பாய், கடைசி வரிசையில நிக்கிற கூட்டம். ஒரு நாடகத்துல "ஐயா வந்துட்டாரு"ன்னு ஒரே ஒரு வசனம். அதைக் கண்ணாடி முன்னாடி நின்னு வாரக்கணக்கா ஒத்திகை பார்த்த மனுஷன் இவர். தலையெல்லாம் நரைச்சு, தொப்பை விழுந்த பிறகுதான் ஆலை முதலாளி கிடைச்சுது. சுவரொட்டியில இவர் மூஞ்சி வந்துச்சு. குழுவுல எல்லாரும் "மொதலாளி, மொதலாளி"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. இது போச்சுன்னா இன்னொண்ணு வராதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனா வயித்துக்குத் தெரியணுமே!

விஷம் குடிச்சுச் செத்தவர், திரை விழுந்த உடனே துள்ளி எழுந்து நேரா சமையல்கார அக்கா கிட்ட ஓடுவார். பொரிச்ச கோழி, பொரிச்ச உருளைக்கிழங்கு, பச்சை வெங்காயம், கிண்ணம் நிறைய தக்காளி சூப். மூக்கு முட்டச் சாப்பிட்டு, மேல ஒரு காப்பி. தொண்டைக்கு நல்லதுன்னு புதினா மிட்டாய் ஒண்ணு வாயில. மெல்லுறதுன்னு ஒண்ணு இருக்குங்கிறதே அவருக்கு மறந்து போச்சு, இடைவேளை முடியறதுக்குள்ள முடிக்கணுமாம். அப்புறம் அந்த இறுக்கமான கோட்டையும் பெல்ட்டையும் போட்டுக்கிட்டு மேஜை மேல மல்லாக்கப் படுத்துடுவார்.

"விஷம் குடிச்சவன் சாப்பிடற சாப்பாடா இது? கொஞ்சம் வெக்கமா இல்ல?"ன்னு கேப்பேன்.

"செத்தவனுக்கு என்னடி வெக்கம்?"ம்பார்.

முதல்ல சத்தம் மட்டும்தான். ரெண்டாம் பாதி முடியற இடத்துல நான் அவர் நெஞ்சுல விழுந்து அழணும். அப்படி விழும்போது காதுக்குக் கீழ களக் களக்னு கேக்கும். அப்புறம் ஒரு நாள் ஏப்பம் வந்துச்சு. பெரிசு இல்ல, உதட்டோரமா விட்டார். ஆனா மூக்குக்கு நேரா விட்டாரே பாவி! வெங்காய நெடியில கண்ணு ரெண்டும் அருவியா கொட்டிச்சு. அன்னிக்கு என் அழுகையைப் பார்த்து டைரக்டரே மெச்சிக்கிட்டார்.

அடுத்தது இருமல். பிணம் இருமிச்சு. ஒரு தடவை இல்ல, அடுத்தடுத்து. அரங்கத்துல முன் வரிசைக்காரங்க நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. வக்கீல் வேஷம் போடற பையனைக் குச்சின்னு கூப்பிடுவோம், அவ்வளவு ஒல்லி. அவன்தான் டக்குனு "அம்மா, உங்களுக்கு இருமல் அதிகமா இருக்கே, தண்ணி கொண்டு வரவா?"ன்னு என்னைப் பார்த்துக் கேட்டுச் சமாளிச்சான். நானும் மிச்ச நேரம் பூரா இருமிக்கிட்டே அழுதேன். வீட்டுக்கு வந்தப்போ எனக்குத்தான் தொண்டை கிழிஞ்சிருந்துச்சு.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமா இருந்துச்சு, ஒரு மத்தியானம் வரைக்கும். வீட்டுல சாப்பிட்டுப் படுத்தவர் திடீர்னு எழுந்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார். மூஞ்சி வேர்த்துக் கொட்டுது. "உள்ள நெருப்பு வெச்ச மாதிரி இருக்கும்மா"ன்னார். செருப்புக்கூடப் போடாம அவரை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நெஞ்சுல என்னென்னமோ ஒட்டிப் பார்த்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, உக்கார வெச்சாங்க, படுக்க வெச்சாங்க. அந்த நேரத்துல நான் கும்பிடாத சாமி இல்ல, இவரைத் திட்டாத வார்த்தையும் இல்ல.

கடைசியில ஒரு டாக்டரம்மா வந்தாங்க. சின்ன வயசு, சிரிச்ச முகம். "இதயம் நல்லா இருக்கு. இது அமிலம். வயித்துல இருக்க வேண்டியது மேல ஏறி வருது. அதான் எரியுது. இருமல் வருதா?"

"வருதுங்க, பிணமா இருக்கும்போது மட்டும்"ன்னு சொன்னார் இவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு அவங்க சொன்னது எல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். வயித்தை முட்ட நிரப்பக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா மென்னு சாப்பிடணும். எண்ணெயில பொரிச்சது ஆகாது. காப்பி, சாக்லேட், தக்காளி, வெங்காயம், இதுல எது சாப்பிட்டா எரியுதுன்னு கவனிச்சு அதை விடணும். புதினாவும் சிலருக்கு ஆகாது, வயித்து வாசலைத் தளர்த்தி விட்டுடும். இடுப்பை இறுக்கக் கூடாது. தொப்பை குறையணும். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், முதல்ல வாயைக் கட்டணும்.

"முக்கியமா, சாப்பிட்டு மூணு மணி நேரத்துக்குப் படுக்கவே கூடாது."

"டாக்டர், என் தொழிலே சாப்பிட்டுப் படுக்கிறதுதான்"ன்னார் இவர், அழாத குறையா.

"அப்போ படுத்துட்டுச் சாப்பிடுங்க. ஐயோ, அப்படி இல்ல! படுத்து எழுந்த பிறகு சாப்பிடுங்க"ன்னாங்க. "படுக்கும்போது கட்டிலோட தலைமாட்டை உயர்த்தி வைங்க. தலையணையை அடுக்கினா வயிறுதான் மடங்கும், உடம்பே சரிவா இருக்கணும்."

வெளிய வந்ததும் சாப்பாட்டை மாத்துவார்னு நீங்க நினைப்பீங்க. நானும் நினைச்சேன். நம்மாளுக்கு மனசுல பதிஞ்சது கடைசியா சொன்னது ஒண்ணுதான். கோழியை விடறதை விடக் கட்டிலைத் தூக்குறது சுலபம் பாருங்க! அடுத்த நாடகத்தன்னிக்கு யாருக்கும் சொல்லாம, மேடையில அந்த மேஜையோட தலைப்பக்கக் காலுக்கு அடியில செங்கல் வெச்சுட்டார். துணி மறைச்சிருந்ததால யாரும் பார்க்கல. வழக்கம் போலக் கோழியை வெளுத்து வாங்கிட்டு வந்து கம்பீரமா படுத்தார்.

மேஜைக்கு நல்லா மெழுகு போட்டுத் துடைச்சிருந்தாங்க. கோட்டு வேற வழவழ துணி. குடும்பம் சொத்துக்கு அடிச்சுக்க ஆரம்பிச்சப்போ பிணம் நகர ஆரம்பிச்சுது. மெதுவா, ரொம்ப மரியாதையா, கால் பக்கமா வழுக்கிக்கிட்டே வருது. குச்சி உயிலை எடுக்கிற நேரத்துல ரெண்டு காலும் மேஜைக்கு வெளிய தொங்குது. நான் "என்னை விட்டுட்டுப் போறீங்களே!"ன்னு அழுதுக்கிட்டே கோட்டுக் காலரைப் பிடிச்சு மேல இழுக்கிறேன். அது வசனம்தான், ஆனா அன்னிக்கு அவர் நிஜமாவே போய்க்கிட்டிருந்தார். அரங்கமே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுது. சோக நாடகம் போட்ட குழு நாங்க.

டைரக்டருக்கு மூக்கு மேல கோவம் வரும்னு எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு அவர் கத்தவே இல்ல, அதுதான் பயம். எல்லாரையும் நிக்க வெச்சு அமைதியா சொன்னார். "மொதலாளி, இதுதான் கடைசி. அடுத்த தடவை பிணம் அசைஞ்சாலோ சத்தம் போட்டாலோ, வேஷம் குச்சிக்குப் போகும். அவனுக்கு நரை ஒட்டிக்கலாம். நீங்க வாசல் காவலுக்கே போங்க."

குச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவனையும் சொல்லிக் குத்தமில்ல. கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசு, கட்டையைக் கிடத்தின மாதிரி கிடப்பான்.

வீட்டுக்கு வந்த இவர் செருப்பைக் கழட்டாமலே நாற்காலியில உக்காந்திருந்தார். "இங்க பாருங்க, கோழியா முதலாளியா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சார். யோசிக்கிற கேள்வியா இது? கடைசியில "முதலாளி"ன்னார்.

மறுநாளே சமையல்கார அக்கா கிட்டப் போய், "இடைவேளையில இவருக்கு ஒரு பருக்கை கொடுத்தீங்கன்னா நான் பொல்லாதவளாயிடுவேன்"ன்னு சொல்லிட்டேன். அந்த அக்காவுக்கு மனசே இல்ல. "செத்தவங்களுக்குச் சாப்பாடு போடலைன்னா நல்லாவா இருக்கும்?"னு கேட்டாங்க. "இவர் சாப்பிட்டா நிஜமாவே சாவார்"னேன். அக்கா கரண்டியைக் கீழ வெச்சுட்டாங்க.

அடுத்த நாடகத்துக்கு இன்னும் பல வாரம் இருந்துச்சு, அதுக்குள்ள பழகட்டும்னு தினமும் நாலு மணிக்கு முன்னாடியே சாப்பாடு. கொஞ்சம் சோறு, வேகவெச்ச காய், பொரிக்காத மீன் ஒரு துண்டு. ஒவ்வொரு வாயும் மென்னு முழுங்கற வரைக்கும் நான் எதிர்ல உக்காந்து கண்கொத்திப் பாம்பா பார்ப்பேன். "நீ பார்த்தா இறங்க மாட்டேங்குது"ம்பார். "இறங்கட்டும், மேல ஏறாம இருந்தாச் சரி"ம்பேன். சாப்பிட்ட பிறகு வீட்டுக்குள்ளேயே நடை. காப்பியை நிறுத்தின முதல் வாரம் தலைவலி, எரிச்சல், கண்டதுக்கெல்லாம் சண்டை. புதினா மிட்டாய் டப்பாவை நானே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டேன். வீட்டுக் கட்டிலுக்குச் செங்கல் வெச்சோம். காலையில பார்த்தா ரெண்டு பேரும் கால்மாட்டுல சுருண்டு கிடப்போம். அப்புறம் வழுக்காத முரட்டு விரிப்புப் போட்டேன், அது சரியாச்சு. பெல்ட்டுக்குப் பதிலா பின்பக்கம் எலாஸ்டிக் வெச்சுத் தெச்சுக் கொடுத்தேன், முன்னாடி பார்த்தா பெல்ட்டு மாதிரியே இருக்கும்.

உள்ளதைச் சொல்லணும்னா மனுஷன் சொன்ன சொல் தவறல. பக்கத்துல நான் இல்லாத நேரத்துலகூடத் திருட்டுத்தனமா தின்னல. ஏப்பம் குறைஞ்சுது. நெஞ்சுல எரியுதுன்னு தடவுறது குறைஞ்சுது. கோட்டுப் பித்தான் தானாவே பூட்டிச்சு. ஆனா தூக்கம் மட்டும் வரல. அடுத்த நாடகம் நெருங்க நெருங்க, இருமிடுவோமோ இருமிடுவோமோன்னு பயந்து கூரையைப் பார்த்துக்கிட்டே கிடந்தார். நாடகத்துக்கு முன்னாடி ராத்திரி கண்ணைப் பொட்டுக்கூட மூடல.

தொடர்ந்து ரெண்டு நாள் நாடகம், முதல் நாளே அரங்கம் நிறைஞ்சிருந்துச்சு. முதல் பாதியில பின்னிட்டார். அந்த நீளப் பேச்சு முடிஞ்சதும் கைதட்டல் அடங்கவே நேரமாச்சு. விஷம் குடிச்சார், விழுந்தார், திரை. இடைவேளையில பொரிச்ச கோழி வாசனை மூக்கைத் துளைக்குது. இவர் மூலையில உக்காந்து ரெண்டு வாய் தண்ணி குடிச்சார், அவ்வளவுதான். நான் மூஞ்சிக்கு வெள்ளைப் பவுடர் பூசி விட்டேன்.

திரை ஏறிச்சு. மேஜை மேல கிடக்கார். ஒரு அசைவு இல்ல. குடும்பம் அடிச்சுக்குது, ஒரு அசைவு இல்ல. டைரக்டர் ஓரத்துல நின்னு பார்க்கிறார், அவர் முகத்துலயே ஒரு தெளிவு. எனக்குப் பெருமை தாங்கல. எழுந்து கத்தணும் போல இருந்துச்சு, பாருங்கய்யா என் புருஷனை, இதுக்குப் பேரு பிணம்னு.

குச்சி உயிலைப் படிக்க ஆரம்பிச்சான். அப்போ இவரோட கை மேஜை விளிம்புல இருந்து நழுவித் தொங்கிச்சு. அது ஒத்திகையில இல்லாதது. நான் வசனத்தோட வசனமா கையைத் தூக்கி நெஞ்சு மேல வெச்சேன். கனமா இருந்துச்சு. மறுபடி நழுவித் தொப்புன்னு விழுந்துச்சு. வழக்கமா நான் தொட்டா உதட்டோரம் ஒரு துடிப்பாவது துடிக்கும். இன்னிக்கு ஒண்ணும் இல்ல. மூஞ்சியைப் பார்த்தேன். வெளிறிக் கிடக்கு. பூசினது நான்தான், என் கையாலதான் பூசினேன், ஆனா அந்த நேரத்துல அது புத்தியில வரணுமே! டாக்டரம்மா சொன்னது தப்பு, இது இதயம்தான், பட்டினி போட்டே கொன்னுட்டேன்னு மட்டும்தான் தோணிச்சு.

"ஏங்க"ன்னேன், மெதுவா. பதில் இல்ல. "ஏங்க!" உலுக்கினேன். தலை இந்தப் பக்கம் ஆடி அந்தப் பக்கம் விழுந்துச்சு. எனக்கு உலகமே போச்சு. மேஜை மேல ஏறி உக்காந்து கோட்டுப் பித்தானைப் பிச்சு எறிஞ்சேன். கன்னத்துல மாறி மாறி அறைஞ்சேன். "வேணாங்க, இந்த வேஷம் வேணாம், கோழி வேணும்னா தின்னுக்கோங்க, எழுந்திருங்க! யாராவது டாக்டரைக் கூப்பிடுங்களேன்! திரையை விடுங்கய்யா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். முன் வரிசையில ரெண்டு மூணு பேர் விம்மி விம்மி அழறாங்க. நாடகம்னு நினைச்சுட்டாங்க, பாவம்.

பிணம் கண்ணைத் திறந்துச்சு. கொட்டாவி விட்டுச்சு. எழுந்து உக்காந்து, "என்னம்மா, முடிஞ்சுதா?"ன்னு கேட்டுச்சு.

அரங்கத்துல கூரை பிச்சுக்கிற மாதிரி சிரிப்பு. திரை விழுந்துச்சு. நான் அவர் மூஞ்சியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழறேன். அவர் மிரண்டு போய் என் காதுல சொன்னார்: "தூங்கிட்டேன்ம்மா. மல்லாக்கப் படுத்தும் கொஞ்சம்கூட எரியல. அந்த சுகத்துல அப்படியே தூங்கிட்டேன்."

அதுக்குள்ள டைரக்டர் வந்துட்டார். இந்தத் தடவை கத்தினார். இவரைப் பார்த்து இல்ல, என்னைப் பார்த்து. "பிணம் பாட்டுக்குக் கிடந்துச்சு! மேஜை மேல ஏறி உக்காந்து டாக்டரைக் கூப்பிடறியே, உனக்குப் பைத்தியமா? இனிமே இந்தக் குழுவுல உனக்கு இடம் கிடையாது. போ வெளிய!"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள இவர் மேஜையை விட்டு இறங்கி நடுவுல வந்து நின்னார். கோட்டு பித்தான் இல்லாம திறந்து கிடக்கு, கன்னத்துல என் விரல் அஞ்சும் பதிஞ்சிருக்கு.

"அவ மேல தப்பில்ல சார். எனக்கு நெஞ்செரிச்சல் கிளம்பிடுச்சு. இருமல் முட்டிக்கிட்டு வந்துச்சு. வெளிய தெரியாம இருக்க அவதான் மேல விழுந்து சத்தம் போட்டுச் சமாளிச்சா. இடைவேளையில திருட்டுத்தனமா சாப்பிட்டுட்டேன்."

எத்தனையோ வாரமா ஒரு துண்டு கோழியை மோந்துகூடப் பார்க்காத மனுஷன்! அந்த ஒரு வேஷத்துக்காக நாக்கைச் செத்துப்போக வெச்சவர், வாய் கூசாம அதைத் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கிறார்.

"பொய் சார்"னேன். "இவர் பச்சைத் தண்ணியைத் தவிர..."

இவர் என் காலை நச்சுன்னு மிதிச்சார்.

டைரக்டர் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். யாரை நம்பினாரோ தெரியாது, ஆனா யாரை விடறது லாபம்னு கணக்குப் போட்டுட்டார். விதவைக்கு ரெண்டாம் பாதி முழுக்க வசனம், வேற ஆளுக்குச் சொல்லிக் கொடுக்க நேரமில்ல. "சரி, சொன்னது சொன்னதுதான். நாளையிலேருந்து குச்சி முதலாளி, வக்கீல் வேஷத்தை நான் பார்த்துக்கறேன், நீங்க வாசல் காவலுக்குப் போங்க. நீ வழக்கம் போல வந்துடு. மேஜையில குச்சி கிடப்பான், அவன் நெஞ்சுல விழுந்து அழுதாப் போதும்."

இவர் சரின்னு தலையாட்டினார். நான் விதவை வேஷத்துக்குத் தலையில போட்டிருந்த முக்காட்டை உருவி மடிச்சு டைரக்டர் கையில வெச்சேன்.

"மன்னிச்சுக்கோங்க சார்"னேன். "கண்ட கண்ட பிணத்துக்கெல்லாம் என்னால அழ முடியாது."